பொங்கலுக்குள் நம் பறவை பார்க்கும் குழுவுக்கு டி-ஷர்ட்: அளவு, துணி, அச்சு, பணம் எல்லாம் இந்த உரையாடல் இழையில்

வக்கா (ஈரோடு) | 15 செப்டம்பர் 2024
எல்லோருக்கும் வணக்கம். போன பொங்கல் பறவைக் கணக்கெடுப்பிலேயே பேசியதுதான். நமக்கென்று ஒரு டி-ஷர்ட் இருந்தால், குளத்தங்கரையில் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளலாம். ஊர்க்காரர்களும் "யாருங்க நீங்க, எதுக்கு ஏரியைப் பாக்கறீங்க" என்று சந்தேகப்படாமல் பேச வருவார்கள். இந்தத் தடவை செய்துவிடலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு குழுவுக்கு இதே வேலையை 2019-இல் இழுத்துப் போட்டுச் செய்தவன் நான். "எனக்கு ரெண்டு", "எனக்கும் ஒண்ணு" என்று வந்த பதில்களை எண்ணி 120 சட்டை அடித்தோம். பணம் வந்தது 81-க்கு. மீதி 39 சட்டைக்கு என் கையிலிருந்து போனது. அது போகட்டும். அச்சு ஐந்தாவது துவைப்பிலேயே வெடித்து உதிர்ந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. கடனுக்கு வாங்கிப் போட்டுக்கொண்ட தம்பி ஒருவன் அதை வீட்டில் கரித்துணியாக வைத்திருந்ததைப் பார்த்தேன். இந்த முறை அப்படி ஆக விடமாட்டேன். அளவும் பணமும் கைக்கு வந்த பிறகுதான் துணி வாங்குவோம். மாதிரிச் சட்டையைத் துவைத்துப் பார்த்த பிறகுதான் வெட்டச் சொல்வோம்.

யாருக்கு என்ன தெரியுமோ சொல்லுங்கள்.

தவிட்டுக்குருவி | 15 செப்டம்பர் 2024
நான் ரெடி அண்ணா. இணையத்தில் ஒரு பீஸ் கூட அடித்துத் தருகிறார்களே, அவரவர் ஆர்டர் போட்டுக்கொண்டால் பணம் வசூலிக்கிற வேலையே இல்லையே?

காதர்பேட்டைக்காரர் (திருப்பூர்) | 15 செப்டம்பர் 2024
வணக்கமுங்க. 22 வருசமா பனியன் கம்பெனியில இருக்கேன், பாதி வருசம் கட்டிங், மீதி செக்கிங். தெரிஞ்சதைச் சொல்றேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு முதலில் பதில். ஒரு பீஸ், இரண்டு பீஸ் அடித்துத் தருவது பெரும்பாலும் டிடிஜி இல்லையென்றால் டிடிஎஃப். டிடிஜியில் பிரிண்டர் நேராகத் துணியிலேயே மை தெளிக்கும். டிடிஎஃப்பில் படத்தை ஒரு ஃபிலிமில் அடித்து, பசைப்பொடி தூவி, சூட்டில் அழுத்தி ஒட்டுவார்கள். பல வண்ணப் படத்துக்கு அது வசதி. ஆனால் டிடிஎஃப்பில் பெரிய படமாக இருந்தால் முதுகில் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய மாதிரி இருக்கும், காற்றுப் போகாது. வெயிலில் நாலு மணி நேரம் நிற்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

நூறு பீஸ் தாண்டினால், சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியாக மையைத் தேய்க்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரி. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். ஸ்கிரீன் போடுகிற செலவு ஒரே தடவைதான், அது பீஸ் எண்ணிக்கைக்குப் பிரிந்துவிடும். பத்து பீஸுக்கு நாலு கலர் என்றால் அடி வாங்கும், 150 பீஸுக்கு ஒரு கலர் என்றால் தெரியவே தெரியாது. ஆகவே ஒரு கலர், அதிகம் போனால் இரண்டு கலரில் படத்தை வரையச் சொல்லுங்க.

உங்கள் அச்சு ஏன் வெடித்தது என்று எனக்குத் தெரியும். அது பிளாஸ்டிசால் மையாக இருந்திருக்கும். 160 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு முழுசாக ஏறினால்தான் அந்த மை வேகும். அவசரத்தில், சட்டையைச் சூட்டுக்குள் கொண்டுபோகிற கன்வேயரை வேகமாக ஓட்டிவிட்டால் மேலே காய்ந்திருக்கும், உள்ளே வேகாமல் கிடக்கும். சட்டை கைக்கு வந்ததும் அச்சு இருக்கிற இடத்தை இரண்டு கையாலும் நன்றாக இழுத்துப் பாருங்க. கோடு கோடாக வெடித்தால் வேகவில்லை. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடணும்.

கூழைக்கடா (நெல்லை) | 16 செப்டம்பர் 2024
நல்ல முயற்சி. வெள்ளை, மஞ்சள், சிவப்பு எதுவும் வேண்டாம். கூந்தன்குளத்தில் பறவைகள் ஊர் நடுவிலேயே கூடு கட்டி மனிதர்களுக்குப் பழகியவை. அங்கேயே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் சட்டென்று கையைத் தூக்கினால் பக்கத்து மரம் பாதி காலியாகும். மற்ற குளங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மங்கின பச்சை அல்லது காக்கி. மையும் பளிச்சென்று வேண்டாம்.

தேன்சிட்டு (மதுரை) | 16 செப்டம்பர் 2024
என் பங்குக்கு அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எல்லாக் குழுவிலும் பெண்களுக்குச் சட்டை சொதப்புவது இங்கேதான்.

"எஸ், எம், எல் எது வேண்டும்" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொரு கம்பெனிக்கு எல். பெண்களுக்கென்று தனியாக இடுப்பு ஒடுக்கித் தைக்கும் சட்டையில் எல் என்று போட்டிருப்பது, ஆண்கள் சட்டையின் எஸ்ஸை விடச் சின்னதாகக்கூட இருக்கும். போன வருடம் அலுவலகத்தில் வாங்கிய எல் எனக்குக் கை தூக்க முடியாமல் போய், தங்கை மகளுக்குப் போனது.

அதனால் இப்படிக் கேளுங்கள். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய டி-ஷர்ட் ஒன்றை எடுத்துக் கட்டில் மேல் சுருக்கமில்லாமல் விரித்துப் போடுங்கள். ஒரு அக்குளில் இருந்து மறு அக்குள் வரை இஞ்சு டேப்பால் அளந்துகொள்ளுங்கள். தோள் உச்சியில் இருந்து கீழ் மடிப்பு வரை நீளம். இந்த இரண்டு எண்ணையும் படிவத்தில் எழுதட்டும். 20 இஞ்சு என்று எழுதினால் சட்டையின் மார்புச் சுற்றளவு 40. எந்த எழுத்தில் சேர்ப்பது என்பதைத் தைப்பவர் பார்த்துக்கொள்வார்.

முழுக்கையும் வேண்டும். வெயிலுக்கு மட்டும் இல்லை, சாயங்காலம் கரையில் கொசு பிடுங்கி எடுக்கிறது.

வக்கா | 16 செப்டம்பர் 2024
தேன்சிட்டு அக்கா சொன்னபடியே படிவம் போடுகிறேன். எழுத்து அளவே கேட்கப் போவதில்லை, இஞ்சு மட்டும்தான். அரைக்கை, முழுக்கை இரண்டும் உண்டு.

நீர்க்காகம் (சென்னிமலை) | 18 செப்டம்பர் 2024
நான் கொஞ்சம் கசப்பான பேச்சை எடுக்கிறேன், மன்னியுங்கள்.

ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருக்கிற ஊர் எங்கள் அம்மாவின் ஊர். 1992-இல் நொய்யல் ஆற்றில் கட்டி முடித்த அணை. பாசனத்துக்கு என்று கட்டியதில் திருப்பூரின் சாயத் தண்ணீர் தேங்கியது. மாமாவின் தென்னந்தோப்பு கருகியதை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பறவைக்காகச் சேர்ந்த குழு நாம். நாம் போடுகிற பச்சைச் சட்டையின் சாயம் எந்த ஓடையில் கலந்தது என்று கேட்காமல் போட எனக்கு மனம் வரவில்லை.

காதர்பேட்டைக்காரர் | 18 செப்டம்பர் 2024
நீங்க கேட்டது சரிதானுங்க. திருப்பூர்க்காரன் யாரும் இதற்குக் கோபப்படக் கூடாது. நொய்யலை நாங்கள் அந்தக் கதிக்கு ஆளாக்கினோம் என்பது உண்மை.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளையெல்லாம் மூடச் சொன்னது. அந்த மாதங்களில் எங்கள் கம்பெனியிலும் வேலை இல்லை. ஊருக்குப் போனவர்கள் பலர் திரும்பவே இல்லை. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்று நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது, மூடிய பிறகுதான் அது ஒழுங்காக நடைமுறைக்கு வந்தது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே அனுப்புவார்கள், மிஞ்சுகிற உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பை எடுப்பார்கள். செலவு பிடித்த வேலை. அதனால்தான் திருட்டுத்தனமாகத் திறந்து விடுகிற சின்ன பட்டறைகளும் அவ்வப்போது பிடிபடுகின்றன.

நம் கணக்குக்கு வருவோம். 180 ஜிஎஸ்எம் துணி, அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை, ஒரு கிலோவில் நாலு, நாலரை சட்டை வரும். 150 சட்டைக்கு 35 கிலோ. இந்த 35 கிலோவுக்கு என்று யாரும் தனியாகச் சாயம் போட்டுத் தர மாட்டார்கள். ஏற்கெனவே சாயம் போட்டு வைத்திருக்கிற துணியில்தான் எடுக்கணும். இரண்டு வழி இருக்கிறது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்த ஆலையின் பில்லோடு வருகிற துணியை மட்டும் எடுப்பது. இல்லையென்றால் ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய துணி. அது ஏற்கெனவே சாயம் போட்டுக் கிடப்பது, நமக்காகப் புதிதாக ஒரு லிட்டர் தண்ணீர் போகாது. என் ஓட்டு இரண்டாவதுக்கு. ஆனால் நாம் நினைத்த பச்சை அப்படியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

நீர்க்காகம் | 18 செப்டம்பர் 2024
மிஞ்சிய துணி என்றால் எனக்கு முழுச் சம்மதம் அண்ணா. நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கட்டும். இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு நன்றி.

கூழைக்கடா | 19 செப்டம்பர் 2024
எனக்கும் சம்மதம். திருப்பூரிலேயே நஞ்சராயன் குளத்துக்குப் போன மாதம்தான் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்திருக்கிறது. சாயப்பட்டறை ஊர் என்று பேர் வாங்கிய ஊரில் ஒரு குளத்தை மக்களும் பறவை ஆர்வலர்களும் சேர்ந்து காப்பாற்றி, 2022-இல் சரணாலயமாக்கி, இப்போது ராம்சார் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நம் சட்டை அந்த ஊரில் தைக்கப்படுவது எனக்குச் சந்தோஷம்.

வரைகோல் | 22 செப்டம்பர் 2024
படம் இரண்டு வரைந்து பதிவேற்றியிருக்கிறேன். ஒன்று மீன்கொத்தி. அழகாக வந்திருக்கிறது, ஆனால் நீலம், செம்பழுப்பு, வெள்ளை, கறுப்பு என்று நாலு நிறம் இல்லாமல் அது மீன்கொத்தியாகத் தெரியவில்லை. இரண்டாவது பாம்புத்தாரா. பட்ட மரத்தின் நுனியில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்கிற நிலை. கழுத்து வளைவும் ஈட்டி மாதிரி அலகும் போதும், ஒரே நிறத்தில் ஆளைச் சொல்லிவிடும். இறக்கை மேல் இருக்கும் வெள்ளிக் கோடுகளை மை படாத இடமாக விட்டால், சட்டையின் நிறமே கோடாகத் தெரியும்.

தவிட்டுக்குருவி | 22 செப்டம்பர் 2024
பாம்புத்தாரா!

தேன்சிட்டு | 22 செப்டம்பர் 2024
பாம்புத்தாராதான். முதுகில் பெரிதாக இருக்கட்டும். கீழே ஒரு வரி சேர்க்கலாமா: "மெதுவாகப் பேசுங்கள், பறவைகள் இருக்கின்றன." குளத்துக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களிடம் நாம் திரும்பித் திரும்பிச் சொல்வது இதைத்தானே. வாயால் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது. சட்டை சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வக்கா | 22 செப்டம்பர் 2024
அருமையான வரி அக்கா. ஆண்டு எண் போடாமல் விடுகிறோம். "2025" என்று போட்டால் அடுத்த வருடம் யாரும் போட மாட்டார்கள்.

மன்னார் பூநாரை (இலங்கை) | 24 செப்டம்பர் 2024
இங்கிருந்து நாங்கள் ஆறு பேர் இருக்கிறோம். வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கப் போகும்போது எங்களுக்கும் இந்த ரீசேட் வேணும். ஆனால் அங்கிருந்து தபாலில் எடுத்தால் தபால் காசும் சுங்கமும் சேர்த்து சேட்டின் விலையைத் தாண்டிவிடும் போல. படத்தை மட்டும் அனுப்பினால் இங்கேயே அடித்துக்கொள்ளலாமோ?

வரைகோல் | 24 செப்டம்பர் 2024
தாராளமாக. படத்தை சிசி பை-எஸ்ஏ உரிமத்தில் போட்டுவிட்டேன். வரைந்தவர் பெயரோடு யாரும் அடிக்கலாம், மாற்றினால் மாற்றியதையும் அதே உரிமத்தில் திறந்து வைக்க வேண்டும். எழுத்துக்கு எடுத்தது மீரா இனிமை, அதுவும் திறந்த உரிம எழுத்துருதான்.

காதர்பேட்டைக்காரர் | 6 அக்டோபர் 2024
அச்சுக்காரர் புரூஃப் (அடிப்பதற்கு முன் சரிபார்க்கிற படி) அனுப்பினார். இழையில் போட்டிருக்கிறேன், எல்லோரும் ஒரு தடவை பாருங்க. எனக்கு ஏதோ இடிக்குது.

தேன்சிட்டு | 6 அக்டோபர் 2024
ஐயோ. "மெதுவாக" என்பதில் கொம்பு ம-வுக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. "பேசுங்கள்" அதே கதி, இரட்டைக் கொம்பு ப-வைத் தாண்டி நிற்கிறது. "மதெுவாக" என்று 150 முதுகில் ஏறியிருந்தால்?

வரைகோல் | 6 அக்டோபர் 2024
தப்பு என் மேலும் இருக்கிறது. எழுத்தை எழுத்தாகவே அனுப்பிவிட்டேன். அவருடைய மென்பொருள் பழைய பதிப்பு, தமிழ் யூனிகோடில் கொம்பை இடம் மாற்றி வைக்கத் தெரியாதது. கணினியில் ம முதலிலும் கொம்பு பின்னாலும்தான் பதிவாகும். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்து வைப்பது மென்பொருளின் வேலை. இப்போது இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் சரியாக வரவைத்து, எல்லா எழுத்தையும் வளைகோடுகளாக மாற்றி அனுப்புகிறேன். இனி அது எழுத்தே இல்லை, படம். எந்தக் கணினியிலும் கலையாது.

சுவரொட்டி, பதாகை, அழைப்பிதழ் எது அடிக்கக் கொடுத்தாலும் எல்லோரும் இப்படியே செய்யுங்கள். கடைப் பலகைகளில் கொம்பு ஒடிந்து கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும்.

காதர்பேட்டைக்காரர் | 7 அக்டோபர் 2024
புதுக் கோப்பு சரியாக வந்துவிட்டது. இன்னொன்று: ஸ்கிரீன் ஒரே அளவுதான் போடுவோம். அதனால் எஸ்ஸுக்கும் டபுள் எக்ஸ்எல்லுக்கும் படம் ஒரே அகலம். 11 இஞ்சு போட்டால் குழந்தைகள் சட்டையில் படம் அக்குளுக்கு ஓடிவிடும். மூன்று பேர் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கிறீர்கள். 9 இஞ்சில் முடித்துக்கொள்ளலாம்.

வக்கா | 14 அக்டோபர் 2024
மாதிரி வந்தது. ஆலிவ் பச்சையில் கொஞ்சம் சாம்பல் கலந்த நிறம், பிஸ்கட் நிற மை. பார்க்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் ஆர்டர் கொடுக்கவில்லை, காரணம் சொல்கிறேன்.

நான்கு நாள், ஐந்து துவைப்பு. வீட்டில் எப்படித் துவைப்போமோ அப்படியே, மூன்று தடவை கல்லில், இரண்டு தடவை மெஷினில், மொட்டை மாடி வெயிலில் காயப் போட்டேன். அச்சு அசையவில்லை, இழுத்தாலும் வெடிக்கவில்லை. ஆனால் நீளம் 28 இஞ்சில் இருந்து 26½-க்கு வந்துவிட்டது. பக்கத் தையல் வேறு முறுக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. படம் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

காதர்பேட்டைக்காரர் | 14 அக்டோபர் 2024
பார்த்தேனுங்க. துணியைச் சரியாக காம்பாக்டிங் பண்ணவில்லை. பின்னல் துணி சாயம் போடும்போது நீளவாக்கில் இழுபட்டிருக்கும். காம்பாக்டிங் மிஷினில் ஆவியும் அழுத்தமும் கொடுத்து அதைச் சுருக்கி நிறுத்தினால்தான் வீட்டில் சுருங்காது. தையல் முறுக்குவது நூலின் முறுக்கால் வருவது, சிங்கிள் ஜெர்சி என்கிற இந்த ஒற்றைப் பின்னல் துணியில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், ஆனால் இது அதிகம். இந்தத் துணி வேண்டாம். வேறு லாட் பார்க்கிறேன். நல்லவேளை, துவைத்துப் பார்த்தீர்கள்.

வக்கா | 24 அக்டோபர் 2024
இரண்டாவது மாதிரி: 24-ஆம் நம்பர் கோம்டு (சீவிச் சுத்தம் செய்த) நூல், 180 ஜிஎஸ்எம், பயோவாஷ் (என்சைமால் பிசிறு நீக்குவது) செய்தது. அதே ஐந்து துவைப்பு. 28 இஞ்சு 27½ ஆனது. தையல் நேராக நிற்கிறது. நிறம் முதலாவதை விடக் கொஞ்சம் காக்கிப் பக்கம். இதுதான்.

தீபாவளி 31-ஆம் தேதி. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகிற கம்பெனி ஆட்கள் திரும்பி வர நவம்பர் பாதி ஆகும் என்று காதர்பேட்டை அண்ணன் சொல்கிறார். அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். நவம்பர் 10 வரை பணம் கட்டலாம். அதற்குப் பிறகு ஒரு பீஸும் சேர்க்க மாட்டேன், யார் கேட்டாலும்.

அரைக்கை ₹260, முழுக்கை ₹305. தபால் தனி. பணம் அனுப்பும்போது குறிப்பில் இங்கே இருக்கிற பெயரை எழுதுங்கள்.

தவிட்டுக்குருவி | 25 அக்டோபர் 2024
அண்ணா, ஆளுக்கு ₹50 கூட்டி வைத்தால் குழுவுக்குத் தூரத்துப் பறவையைப் பார்க்க ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்க ஆரம்பமாக இருக்குமே?

கூழைக்கடா | 25 அக்டோபர் 2024
ஆசை நியாயமானது தம்பி. ஆனால் சட்டைப் பணம் சட்டைக்கே இருக்கட்டும். இதில் லாபம் என்று ஒரு பைசா வைத்தால், நாளைக்கு யாராவது கணக்குக் கேட்கும்போது வக்காவின் மேல்தான் விழும். ஸ்கோப்புக்குத் தனியாகக் கேளுங்கள், முதல் ஆயிரம் நான் தருகிறேன்.

வக்கா | 11 நவம்பர் 2024
கணக்கு. அரைக்கை 97, முழுக்கை 46, மொத்தம் 143. வந்த பணம் ₹39,250. கம்பெனி விலை அரைக்கைக்கு ₹245, முழுக்கைக்கு ₹290, ஆக ₹37,105. ஜிஎஸ்டி 5 சதவீதம் ₹1,855.25. பில் ₹38,960.25. மீதி ₹289.75, அதில் தபால் உறை வாங்கிக்கொள்கிறேன். பில்லின் படம் கீழே. தேன்சிட்டு அக்காவும் வங்கிப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்.

தேன்சிட்டு | 11 நவம்பர் 2024
பார்த்தேன், பைசா வரை சரி.

காதர்பேட்டைக்காரர் | 8 டிசம்பர் 2024
முடிந்ததுங்க. செக்கிங்கில் நானே உட்கார்ந்தேன். நாலு பீஸில் அச்சு கோணல், ஒன்றில் கழுத்து ரிப் தையல் விட்டிருந்தது. ஐந்தையும் மாற்றி அடித்தாயிற்று. பிசிறு வெட்டுகிற அக்கா முதுகுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது எங்க ஊர் குளத்துல குச்சி மேல நிக்குமே, அதுதானே?" என்று கேட்டார். அவருக்கு சர்க்கார் பெரியபாளையம், நஞ்சராயன் குளத்துக்குப் பக்கம். பேர் பாம்புத்தாரா என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். என் பங்கில் எடுத்த இரண்டு சட்டையில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

நீர்க்காகம் | 8 டிசம்பர் 2024
இதைப் படித்துக் கண் கலங்கிவிட்டது அண்ணா.

வக்கா | 21 டிசம்பர் 2024
தபாலில் போக வேண்டியது எல்லாம் போய்விட்டது. இரண்டு சட்டை வரை 500 கிராமுக்குள் அடங்கியது. உள்ளே துண்டுச்சீட்டில் துவைக்கும் முறை எழுதியிருக்கிறேன்: உள்பக்கம் வெளியே திருப்பித் துவையுங்கள், அச்சின் மேல் நேராக இஸ்திரி வேண்டாம். கிடைத்தவர்கள் இங்கே ஒரு வார்த்தை போடுங்கள்.

மன்னார் பூநாரை | 29 டிசம்பர் 2024
நாங்களும் இங்கே அடித்துவிட்டோம், சாம்பல் நிறத்தில். கொம்பு எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கு. வரைகோலுக்கு நன்றி.

தவிட்டுக்குருவி | 4 ஜனவரி 2025
கிடைத்தது! ஆனால் நான் என் அண்ணன் சட்டையை அளந்து எழுதிவிட்டேன் போல, எக்ஸ்எல் வந்திருக்கிறது, தோள் தொங்குகிறது. யாரிடமாவது எல் அரைக்கை இருக்கிறதா? மாற்றிக்கொள்ளலாம்.

நீர்க்காகம் | 4 ஜனவரி 2025
என்னுடையது எல், எனக்கு இறுக்கமாக இருக்கிறது. ஞாயிறு காலை 6:30-க்கு நஞ்சராயன் குளக்கரையில் இருப்பேன். பைனாகுலரும் எடுத்து வா தம்பி.